கேட்டவர்களும் கொடுத்தவர்களும்

1974ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து ஒரு சிறிய பெட்டி விற்பனைக்கு வந்தது. உள்ளே மூன்று மெல்லிய புத்தகங்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அது. முதல் அச்சு 1000 பிரதிகள். மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் தத்தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். ஐயம் எழும் இடத்தில் பகடை தீர்ப்பு வழங்கும். இத்தகைய பாத்திரமேற்பு விளையாட்டுகளில் அச்சில் விற்பனைக்கு வந்த முதலாவது இதுவே.

மூன்றாம் புத்தகத்தின் இறுதியில் ஆசிரியர்கள் வாசகரிடம் சொன்னது முக்கியமானது. விதிகளில் இல்லாதவற்றை நீங்களே படைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குரிய கற்பனையையும் நாங்களே ஏன் செய்துதர வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் வாங்கியவர்கள் மேலும் கேட்டார்கள். புதிய அரக்கர்கள், புதிய மந்திரங்கள், புதிய தொழில்கள் வேண்டும் என்றார்கள். மறு ஆண்டே ‘கிரேஹாக்’ என்னும் முதல் துணைநூல் வெளியாயிற்று. திருடன் என்ற பாத்திர வகை, இன்று விளையாட்டோடு பிறந்ததாகவே பலர் நினைப்பது, அதில்தான் அச்சேறியது. 1976க்குள் மேலும் மூன்று துணைநூல்கள் வந்தன. நான்காவது, பல நாட்டுத் தெய்வங்களின் பட்டியல். மிதமிஞ்சிய வலிமை கொண்ட பாத்திரங்களை வளர்ப்போருக்கு அவர்களது அபத்தத்தைக் காட்டுவதே நோக்கம் என்று அதன் முன்னுரை கூறியது. தெய்வத்துக்கும் உயிர்ப்புள்ளிகளை எழுதிவைத்தால் என்ன நடக்கும்? கொல்வதற்குப் புதிய எதிரிகள் கிடைத்தார்கள் என்று ஆட்டக்காரர்களில் பலர் மகிழ்ந்தார்கள். 1980இல் வந்த பெருநூலில் இந்திரன், யமன், வருணனோடு கார்த்திகேயனுக்கும் புள்ளிகள் வழங்கப்பட்டன. நம் முருகனை எத்தனை அடியில் வீழ்த்தலாம் என்று அமெரிக்கச் சிறுவர்கள் கணக்கிட்டிருப்பார்கள் என்று எண்ணும்போது சிரிப்புத்தான் வருகிறது.

பதிப்பாளரான டி.எஸ்.ஆர். நிறுவனம் ஒரு விருப்பத்தை மட்டும் ஆரம்பத்தில் புரிந்துகொள்ளவில்லை. ஆயத்தமாக எழுதிய நகரத்தையும் நிலவரைபடத்தையும் யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள் என்று அது எண்ணியது. இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் நகரில் பாப் பிளெட்சாவும் பில் ஓவனும் ‘ஜட்ஜஸ் கில்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கி, 1976இல் ஒரு முழு நகரத்தின் வரைபடத்தை விற்றார்கள். அது விலைபோயிற்று. 1978இல் டி.எஸ்.ஆரும் தனி சாகசநூல்களை வெளியிடத் தொடங்கியது. கற்பனையை வாசகரிடமே விட்டுவைத்த நிறுவனம் அதை விற்கக் கற்றுக்கொண்டது இவ்வாறுதான்.

இந்த வரலாற்றில் என்னை அதிகம் ஈர்ப்பவர் எட் கிரீன்வுட். கனடாவின் நூலக ஊழியர். சிறுவயதிலிருந்தே தனக்கென ஓர் உலகைக் கட்டிவந்தவர். 1979 முதல் ‘டிராகன்’ இதழில் அவ்வுலகைப் பற்றிய குறிப்புகளைச் சிறுகச் சிறுக எழுதினார். 1987இல் அது ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ என்ற பெயரில் பெட்டியாக வெளிவந்தது. பிறரிடம் கேட்பதற்காக அவர் பட்டியல் எழுதவில்லை. தமக்கு வேண்டியதைத் தாமே எழுதினார்.

அதன் பிறகு உலகங்கள் பெருகின. 1989இல் விண்ணில் மிதக்கும் மரக்கலங்களின் ‘ஸ்பெல்ஜாமர்’, 1990இல் ‘ரேவன்லாஃப்ட்’, 1991இல் வறண்ட பாலையான ‘டார்க் சன்’, 1994இல் ‘பிளேன்ஸ்கேப்’, 1995இல் ‘பர்த்ரைட்’. ஒவ்வொன்றுக்கும் துணைநூல் வரிசை, துணைநூலுக்கும் துணைநூல். இலக்கிய மதிப்பில் இவற்றுள் பிளேன்ஸ்கேப்புக்கே முதலிடம் தருவேன். ஆனால் ஓர் உலகத்தின் வாசகர் மற்றோர் உலகத்தின் நூலை வாங்கவில்லை. ஆட்டத்திலும் ஒரு கோளாறு நுழைந்தது. அச்சிட்ட வரலாற்றைக் கரைத்துக் குடித்த ஆட்டக்காரர், கதை நடத்துபவரை இடைமறித்து, அந்த அரசன் முந்தைய நூலிலேயே இறந்துவிட்டானே என்று திருத்துவார். சொல்பவரின் உரிமை புத்தகத்துக்குக் கைமாறிவிட்டது.

1996இல் புத்தகக் கடைகளிலிருந்து விற்காத பிரதிகள் குவியலாகத் திரும்பின. 1997இல் கடனில் மூழ்கிய டி.எஸ்.ஆரை ‘விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்’ வாங்கியது. கணக்குகளை ஆராய்ந்த ரயன் டான்சி, வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று கேட்டறியும் ஏற்பாடு எதையும் அங்கே காணவில்லை என்று எழுதினார். இருபது ஆண்டுகளாக வாசகர் கடிதங்கள் அச்சாகிய நிறுவனத்தின் நிலை இது.

புதிய உரிமையாளர் கேட்கவே செய்தார். 2000இல் திறந்த உரிமம் ஒன்றின் வழியாக எவரும் துணைநூல் எழுதலாம் என்றானது. 2002இல் புதிய உலகம் ஒன்றுக்கான போட்டி அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கச் சுருக்கம் போதும். சுமார் 11,000 பேர் அனுப்பினார்கள். கீத் பேக்கரின் ‘எபெரான்’ தேர்வாகி 2004இல் நூலானது. எஞ்சிய பத்தாயிரத்துச் சொச்சம் உலகங்களில் எத்தனை தத்தம் ஊர் மேசைகளில் ஆடப்பட்டனவோ!

2022இல் ஸ்பெல்ஜாமர் மீண்டும் வந்தபோது, நெடுங்காலம் காத்திருந்தவர்களே கப்பற்போருக்கான விதிகள் போதவில்லை என்று குறைகூறினார்கள். 2023 ஜனவரியில் அந்தத் திறந்த உரிமத்தை மாற்ற நிறுவனம் முற்பட்டது. எதிர்ப்பு மூண்டது. கருத்துக் கேட்டபோது 15,000க்கும் மேற்பட்டோர் பதிலளித்தார்கள். ஜனவரி 27 அன்று நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளின் ஆவணத்தைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. பாத்திர வகைகளும் மந்திரங்களும் அரக்கர்களும் அதில் உண்டு. ஃபர்காட்டன் ரெல்ம்ஸோ எபெரானோ அதில் சேர்க்கப்படவில்லை.