குழிப்பந்தாட்ட மரியாதைகளின் வரலாறு

கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தில் ஆட்டக்காரர் தம்முடன் ஆடுவோரிடமும் ஆடுகளத்திடமும் காட்ட வேண்டிய நன்னடத்தையே குழிப்பந்தாட்ட மரியாதை ஆகும். புதிதாகக் கற்பவர்களுக்கு இவை வெறும் சம்பிரதாயங்களாகத் தோன்றலாம். ஆனால் இவை ஒவ்வொன்றும் ஆட்டத்தின் தேவையிலிருந்தே பிறந்தவை.

தோற்றம்

இந்த ஆட்டம் ஸ்காட்லாந்தில் வளர்ந்தது. வில்வித்தைப் பயிற்சிக்கு இடையூறாக இருந்ததால், 1457-ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் இதைத் தடை செய்தது. இன்று கிடைக்கும் மிகப் பழைய எழுத்து விதிகள் 1744-இல் எடின்பரோ நகரை அடுத்த லீத் என்னும் இடத்தில் எழுதப்பட்டவை. எடின்பரோ நகராட்சி பரிசாக அளித்த வெள்ளி மட்டைக்கான போட்டிக்காக 13 விதிகள் வகுக்கப்பட்டன. அப்போட்டியில் ஜான் ராட்ரே என்ற அறுவை மருத்துவர் வென்றார்.

லீத் திடல் பொதுமக்களுக்கும் உரியது. மனிதரோ குதிரையோ நாயோ பந்தைத் தடுத்தால், அது நின்ற இடத்திலிருந்தே ஆட வேண்டும் என்று ஒரு விதி கூறியது. திடலில் யாரெல்லாம் நடமாடினர் என்பதை இதிலிருந்தே அறியலாம். பந்து யார் மீதாவது படக்கூடும் என்றால் உடனே "ஃபோர்" என்று உரக்கக் கூவி எச்சரிக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. முன்னால் இருப்போர் எட்டாத தொலைவுக்குச் செல்லும் வரை பந்தை அடிக்காமல் காத்திருப்பதே புதியவர் கற்க வேண்டிய முதல் மரியாதை.

மரியாதைகளின் காரணங்கள்

குழிக்கு மிகத் தொலைவில் பந்து உள்ளவரே முதலில் ஆட வேண்டும் என்பதும் 1744 விதிகளில் ஒன்று. யார் முதலில் ஆடுவது என்ற சச்சரவுக்கு அது இடம் தரவில்லை.

பந்து கிடக்கும் இடத்திலிருந்தே அதை ஆட வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படை. ஆகவே ஒருவர் விட்டுச் செல்லும் பள்ளம் பின்னால் வருபவருக்குத் தண்டனையாகிவிடும். மட்டை பட்டுப் பெயர்ந்த புல்மண்ணை மீண்டும் பதித்து மிதிப்பதும், மணற்குழியில் பதிந்த காலடிகளை வாரியால் சமன் செய்வதும் இதனால்தான். குழியைச் சுற்றியுள்ள மென்புல் தளத்தில் பிறருடைய பந்து உருளவிருக்கும் பாதையை மிதிக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

கிரிக்கெட்டில் பந்து மட்டையாளரை நோக்கி வருகிறது. இங்கோ பந்து அசையாமல் கிடக்கிறது. ஆட்டக்காரர் மனத்தை ஒருமுகப்படுத்தித் தாமே அடியைத் தொடங்க வேண்டும். ஒருவர் பேசினாலோ, அசைந்தாலோ, அவருடைய நிழல் பந்தின் மேல் விழுந்தாலோ கவனம் சிதறும். ஆகவே ஒருவர் அடிக்கும்போது மற்றவர்கள் அமைதியாக ஒதுங்கி நிற்கின்றனர்.

பாபி ஜோன்ஸ்

பரந்த ஆடுகளத்தில் ஒவ்வொருவர் பின்னும் ஒரு நடுவர் செல்வதில்லை. எனவே நேர்மையைக் காக்கும் பொறுப்பு ஆட்டக்காரரையே சேர்கிறது. இதற்குச் சிறந்த சான்று அமெரிக்க வீரர் பாபி ஜோன்ஸின் வாழ்க்கை. 1921-இல், 19 வயதில், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓப்பன் போட்டியின் மூன்றாம் சுற்றில் ஆட்டம் சரியாக அமையாததால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியைக் கைவிட்டார். அச்செயலுக்காக அவர் பின்னாளில் மிகவும் வருந்தினார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1925 அமெரிக்க ஓப்பன் போட்டியின் முதல் சுற்றில், அடிக்க ஆயத்தமானபோது தம் பந்து சற்றே அசைந்ததாக அவர் அறிவித்தார். வேறு எவரும் அதைப் பார்க்கவில்லை. ஆயினும் தமக்குத் தாமே ஓர் அடியைத் தண்டனையாகச் சேர்த்துக்கொண்டார். போட்டி முடிவில் வில்லி மாக்ஃபார்லேனுடன் அவர் சமநிலை பெற்றார். பின்னர் நடந்த கூடுதல் ஆட்டத்தில் தோற்றார். அந்த ஓர் அடியைச் சேர்க்காமல் இருந்திருந்தால் கூடுதல் ஆட்டமே தேவைப்பட்டிருக்காது, கோப்பை அவருடையதாகியிருக்கும்.

1927-இல் அதே செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் ஓப்பன் பட்டம் வென்றார். 1958-இல் அந்நகரம் அவருக்கு நகர உரிமை அளித்துச் சிறப்பித்தது. விளையாட்டு நற்பண்புக்கென அமெரிக்கக் குழிப்பந்தாட்டச் சங்கம் 1955 முதல் வழங்கும் விருதும் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

இன்றைய நிலை

நெடுங்காலம் மரியாதைகள் விதிநூலில் தனிப்பகுதியாக இருந்தன. 2019-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், நேர்மையும் பிறர்மீது அக்கறையும் களப் பராமரிப்பும் முதல் விதிக்குள்ளேயே சேர்க்கப்பட்டன. கடுமையாகத் தவறுபவரைப் போட்டியிலிருந்து நீக்கவும் இடமுண்டு. காணாமற்போன பந்தைத் தேடும் நேரம் 5 நிமிடங்களிலிருந்து 3 ஆகக் குறைந்தது. ஓர் அடியை 40 வினாடிக்குள் ஆடி முடிக்குமாறு விதிநூல் பரிந்துரைக்கிறது. காலதாமதம் பின்னால் காத்திருப்பவரின் நேரத்தையும் வீணாக்குகிறது. விரைவாக ஆடும் குழுவுக்கு வழிவிடுவதும் ஒரு மரியாதையே.

புதியவரின் அடி தவறலாம். பந்து மணலில் விழலாம். அதை எவரும் குறையாகக் கருதுவதில்லை. மணலைச் சமன் செய்துவிட்டு, அடிகளைக் குறைக்காமல் எண்ணிச் சொன்னால் போதும். அவருடன் மீண்டும் ஆட எவரும் தயங்கமாட்டார்கள்.