கிட் பணிமரம்

கிட் பணிமரம் (வொர்க்ட்ரீ) என்பது, கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில், ஒரே களஞ்சியத்தின் வெவ்வேறு கிளைகளைத் தனித்தனி அடைவுகளில் ஒரே நேரத்தில் திறந்து பணியாற்ற உதவும் வசதி ஆகும். ஒரே திட்டத்தில் பல செயற்கை நுண்ணறிவு நிரலாக்க முகவர்களை ஈடுபடுத்துவோர், ஒன்றின் பணியை மற்றொன்று அழித்துவிடாதிருக்க இதனைப் பயன்படுத்துகின்றனர்.

வரலாறு

லினக்ஸ் கருனியை உருவாக்குவோர் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் மென்பொருளின் இலவச உரிமம் 2005 இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதனைத் தொடர்ந்து லினஸ் டோர்வால்ட்ஸ் அவ்வாண்டு ஏப்ரலில் கிட்டை எழுதினார். பணிமரக் கட்டளை 2015 சூலையில் வெளியான 2.5 பதிப்பில் சேர்க்கப்பட்டது. நடப்புப் பணியைக் கலைக்காமல் அவசரத் திருத்தம் ஒன்றைச் செய்வது போன்ற தேவைகளுக்கே இது முதலில் பயன்பட்டது. 2025 இல் கிளாட் கோட், கோடெக்ஸ் முதலிய முகவர்கள் வெளிவந்தபின் இதற்குப் புதிய பயன் ஏற்பட்டது.

செயற்பாடு

எல்லாப் பணிமரங்களுக்கும் வரலாறும் கிளைகளும் பொதுவானவை. கோப்புகள் ஒவ்வொன்றுக்கும் தனி. ஒரே கிளையை இரு பணிமரங்களில் திறக்கக் கிட் இயல்பாக அனுமதிப்பதில்லை. கிட் புறக்கணிக்குமாறு குறிக்கப்பட்ட கோப்புகள் புதிய அடைவுக்கு வருவதில்லை. எனவே நிரலகங்களையும் கடவுச்சொல் கோப்புகளையும் அங்கு மீண்டும் அமைக்க வேண்டும்.

முகவர்களுக்கான அமைப்பு

முகவர் பின்பற்றவேண்டிய விதிகள் களஞ்சியத்திலுள்ள உரைக்கோப்பு ஒன்றில் எழுதப்படுகின்றன. கிளாட் கோட் 'கிளாட்.எம்டி' கோப்பையும், கோடெக்ஸ் 'ஏஜென்ட்ஸ்.எம்டி' கோப்பையும் படிக்கின்றன. கிளைகளுக்குப் பெயரிடும் முறை, சோதனைக் கட்டளைகள் ஆகியன இவற்றில் இடம்பெறும். இவை அறிவுறுத்தல்களே அன்றித் தடைகள் அல்ல. முகவருக்கு அனுமதிக்கப்பட்ட கட்டளைகளின் பட்டியல், வழங்கியில் காக்கப்பட்ட முதன்மைக் கிளை, குறைந்த உரிமைகள் கொண்ட அணுகல் சாவி ஆகியவையே உண்மையான தடைகள்.

வரம்புகள்

பணிமரம் பாதுகாப்பு அரண் அன்று. பயனரின் உரிமைகளுடன் இயங்கும் முகவர், தனியாகக் கட்டுப்படுத்தப்படாவிடின், அடுத்த அடைவையும் மாற்ற இயலும். தரவுத்தளமும் பொதுவாக இருப்பின், ஒரு முகவரின் சோதனை மற்றொன்றைக் குலைக்கலாம். இரு முகவர்கள் ஒரே வரியை மாற்றினால், கிளைகளை இணைக்கும்போது முரண்பாடு தோன்றும்.

பதிவுசெய்யப்பட்ட மாற்றம் தவறுதலாக நீக்கப்பட்டாலும், 'ரெஃப்லாக்' குறிப்பேட்டின் துணையுடன் பெரும்பாலும் மீட்கலாம். கிளைகளிலிருந்து எட்டமுடியாத பதிவுகளின் குறிப்புகள் இயல்பாக 30 நாட்கள் பேணப்படுகின்றன. கிட்டில் ஒருபோதும் சேர்க்கப்படாத மாற்றத்தை 'ரீசெட்' கட்டளையின் 'ஹார்ட்' வகை அழித்துவிட்டால், அதனைக் கிட்டால் மீட்க இயலாது. இதனாலேயே ஒவ்வொரு சிறு படிநிலையிலும் பதிவுசெய்யுமாறு முகவர்கள் பணிக்கப்படுகின்றன.