கட்டை துளிர்க்குமா? கொன்றை, பாதிரி, தில்லை: கடலூர் முதல் பிச்சாவரம் வரை

இன்னைக்கு ராஜாக்கள் கதையில ஆரம்பிக்கல, ஒரு மரக்கட்டையில ஆரம்பிக்கிறேன்.

2011 டிசம்பர் 30, விடியற்காலை. 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி எல்லாம் தோப்புத் தோப்பா சாய்ஞ்சு கிடந்தது. மஞ்சக்குப்பத்துல எங்க வீட்டு வாசல்ல நின்ன சரக்கொன்றையும் இடுப்பு உயரத்துல முறிஞ்சு விழுந்தது. அப்பா ஆள் கூப்பிட்டு, அடிக்கட்டையையும் தோண்டிடச் சொன்னார். தடுத்தது அத்தைதான். "வேரு உசுரோடதான் இருக்கு தம்பி, அவசரப்படாத"ன்னாங்க. பெரியக்கா சொன்னா அப்பா மறுபேச்சு பேசமாட்டார்.

பிளந்து நின்ன கட்டையை, ரம்பம் போட்டு முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் சரிவா அறுத்துவிட்டோம். மட்டமா அறுத்தா மேல தண்ணி தேங்கி அழுகிடும். பட்டை உரியாம பாத்துக்கணும், ஏன்னா விஷயமே பட்டைக்கு அடியிலதான் இருக்கு. அங்கே நிறைய மொட்டுகள் தூங்கிட்டு இருக்கும். மேலே உச்சிக் கிளை இருக்கிற வரைக்கும், அது அனுப்புற ஹார்மோன் இந்த மொட்டுகளை எழும்ப விடாது. தலை போயிட்டா அந்தக் கட்டுப்பாடும் போயிடும். சாப்பாட்டுக்கு வேர்ல சேத்து வச்ச மாவுச்சத்து இருக்கு. அதான் விதையில முளைச்ச கன்றைவிட கட்டைத் துளிர் அவ்வளவு வேகமா வளருது.

ரெண்டு மாசத்துல கட்டையைச் சுத்தி இருபது துளிர். நான் பண்ண தப்பு என்னன்னா, ஒண்ணையும் கிள்ள மனசு வரல. துடைப்பம் மாதிரி எல்லாமே வளர்ந்தது. அடுத்த பெருங்காத்துல பாதி அடியோட பிய்ஞ்சுபோச்சு. கட்டைத் துளிர் ஆரம்பத்துல பட்டையோரமா மட்டும்தான் ஒட்டிக்கிட்டு இருக்கும், பிடிமானம் கம்மி. அதனால ஆறு மாசத்துக்குள்ள, தரைக்குப் பக்கத்துல இருக்கிற திடமான ஒண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்ததை எடுத்துடணும்.

அந்தக் கட்டையைப் பாத்துக்கிட்டு இருந்தப்பதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சது. எங்க மாவட்டத்தோட ரெண்டு பெரிய ஊருக்கும் பூக்கிற மரத்தோட பேருதான். கடலூரோட பழைய பகுதி திருப்பாதிரிப்புலியூர், பாதிரி மரத்தின் ஊர். சிதம்பரத்தின் பழைய பேரு தில்லை. குறிஞ்சிப்பாட்டுல கபிலர் 99 பூக்களை அடுக்குறார் இல்லையா, அதுல பாதிரியும் உண்டு, தில்லையும் உண்டு, எங்க வீட்டுக் கொன்றையும் உண்டு.

பாதிரியை வடமொழியில பாடலி என்பார்கள். பாடலிபுத்திரம், அதாவது இன்றைய பாட்னா, அந்தப் பேருதான். நம்ம ஊருக்கும் பாடலிபுத்திரம்னு பேரு இருந்தது. இங்கே பெரிய சமண மடம் ஒண்ணு இருந்தது. கி.பி. 458-ல், காஞ்சியில பல்லவன் சிம்மவர்மன் ஆண்ட காலத்துல, 'லோகவிபாகம்' என்கிற நூல் எழுதப்பட்டது இந்த ஊர்லதான் என்று அறிஞர்கள் சொல்றாங்க. பிறகு அப்பர் இந்த மடத்துல இருந்ததாகவும், சைவத்துக்குத் திரும்பின பிறகு கல்லோட கட்டிக் கடல்ல போடப்பட்டு இங்கேயே கரை சேர்ந்ததாகவும் பெரியபுராணம் சொல்லுது. கரையேறவிட்டகுப்பம் என்கிற பேரு இன்னைக்கும் அந்தக் கதையைச் சுமந்துக்கிட்டு நிக்குது. மடம் போயிடுச்சு. மரத்தோட பேரு மட்டும் பாடலீஸ்வரர் கோயில்ல இருக்கு, ஊர்ப் பேருல இருக்கு.

சரி, தில்லைக்கு வருவோம். சிதம்பரம் ஊருக்குள்ள இப்போ தில்லைக் காடு கிடையாது. சுமார் 15 கிலோமீட்டர் கிழக்கே பிச்சாவரம் போகணும். தில்லையோட பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து, தோல்ல பட்டா கொப்பளிக்கும். ஆண் மரம் வேற, பெண் மரம் வேற. இலை உதிர்றதுக்கு முன்னாடி செக்கச்செவேல்னு சிவக்கும்.

பிச்சாவரத்துல பிரிட்டிஷ் காலத்துல இருந்து சுதந்திரத்துக்கு அப்புறமும் சில பத்தாண்டுகள் வரைக்கும் கூப்பு முறையில காட்டை வெட்டினாங்க. காட்டைப் பல கூப்பாப் பிரிச்சு, முறை வச்சு ஒவ்வொரு கூப்பா மொட்டை அடிக்கிறது. கடைசிக் கூப்பு முடியும்போது முதல் கூப்பு மறுபடி வளர்ந்திருக்கும் என்பது கணக்கு. கணக்குல தப்பு இல்லாத மாதிரிதான் தெரியும். தில்லையும் வெண்கண்டலும் கட்டையில இருந்து துளிர்க்கக் கூடியவை. சுரபுன்னை மட்டும் அப்படி இல்ல. இலை இருக்கிற பகுதிக்குக் கீழே வெட்டினா அது செத்துடும்.

ஆனா வெட்டின இடங்கள் பல பொட்டலாவே நின்னுடுச்சு. ஆடு மாடு மேயுது, குப்பத்து ஜனங்க விறகு வெட்டுறாங்க, அதான் காடு அழியுதுன்னு ரொம்ப நாள் பழி சொன்னாங்க. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மண்ணை ஆராய்ஞ்சப்போ வேற காரணம் தெரிஞ்சது. மரம் போனதும் நேரா வெயில் பட்டு, ஈரம் காய்ஞ்சு, மண் சுருங்கி, தரை தொட்டி மாதிரி தாழ்ந்துபோச்சு. உள்ளே வந்த கடல்தண்ணி வெளியே போக வழியில்லாம தேங்கி, வெயில்ல வத்தி, உப்பு ஏறிக்கிட்டே போச்சு. அந்த உப்புல விதையும் பிழைக்காது, துளிரும் பிழைக்காது. விறகுக்கு நாலு கிளை ஒடிச்சவங்க மேல விழுந்த பழி, கூப்பு முறை மேலதான் விழுந்திருக்கணும்.

வைத்தியம் ரொம்ப எளிமை. மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டினாங்க. நடுவுல பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் கிளை. ஓதம் ஏறும்போது தண்ணி வந்து, வத்தும்போது உப்பைக் கழுவிட்டுப் போயிடும். வாய்க்கால் ஓரமா வெண்கண்டல் நட்டாங்க. வனத்துறையோட சேர்ந்து, பழி சுமந்த அதே குப்பத்து ஜனங்களும் இருளர் குடும்பங்களும் அந்த வேலையில இறங்கினாங்க. காடு திரும்ப வந்தது. 2022-ல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலப் பட்டியல்ல சேர்ந்தது.

அதனால வெட்டின மரம் துளிர்க்குமான்னு யாராவது கேட்டா, நான் முதல்ல கட்டையைப் பாக்குறதில்ல, அது நிக்கிற தரையைப் பாக்குறேன். தண்ணி தேங்குதா, வேரைச் சுத்தி சிமெண்ட் போட்டு மூடிட்டாங்களா, ஆடு கடிக்குதா? இதெல்லாம் சரியா இருந்தா மிச்சத்தை மரமே பாத்துக்கும்.

எங்க கொன்றையில ரெண்டு தண்டு மட்டும் விட்டோம். அஞ்சாவது சித்திரையில முதல் சரம் தொங்கிச்சு. அத்தை அப்போ இல்ல. அப்பா ஒரு கொத்து பறிச்சு, அவங்க படத்துல வச்சார்.