மீண்டும் வனைகிறார் (எரேமியா 18:4)



பொதுக்காலம் 17ஆம் வாரம் வியாழக்கிழமை, இரண்டாம் ஆண்டின் முதல் வாசகம் எரேமியா 18:1-6. அதில் 4ஆம் வசனம் மிகச் சிறியது. குயவர் வனையும் கலம் அவர் கையிலேயே கெட்டுப்போகிறது. அதே மண்ணைக் கொண்டு அவர் வேறொன்று செய்கிறார். அவ்வளவுதான் செய்தி.

குயவர் என்பதற்கான எபிரேயச் சொல், உருவாக்குதல் என்னும் வினையிலிருந்து வருகிறது. தொடக்கநூல் 2:7இல் கடவுள் மண்ணால் மனிதனை உருவாக்கினார் என்னும் இடத்திலும் அதே வினைதான். நம்மைப் படைத்த கைதான் இங்கே சக்கரத்தின்மேல் இருக்கிறது.

மங்கலம்பேட்டைப் பகுதி மக்களுக்கு இதை விளக்குவது எளிது. பக்கத்து விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர். பீங்கான் வேலை தெரிந்தவர்கள், அச்சிலிருந்து எடுக்கும்போது கோணிப்போன பொம்மையை வீணென்று எறிவதில்லை. தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்தால் அது மீண்டும் களிமண். நன்றாகக் காய்ந்துவிட்டாலும் கரையும். ஆனால் சூளைக்குள் போய்விட்டால் கதை வேறு. ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மண்ணின் உள்ளே பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடுகிறது. அதன்பின் குடம் குடமாக ஊற்றினாலும் பழைய மண் திரும்பாது.

எரேமியா நூலும் இந்த வேறுபாட்டை அறிந்திருக்கிறது. 18ஆம் அதிகாரத்தில் ஈரமண்; திருத்த முடிகிறது. அடுத்த அதிகாரத்திலோ சுட்ட மண்கலயம். அதை இறைவாக்கினர் பென்இன்னோம் பள்ளத்தாக்கில் உடைக்கிறார். அது இனி ஒட்டாது என்கிறார் ஆண்டவர். இந்த இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது? 18:12ஐப் படித்துப் பாருங்கள். மனம் திரும்புங்கள் என்ற அழைப்புக்கு மக்கள் சொன்ன பதில், அதெல்லாம் பயனில்லை, எங்கள் போக்கிலேயே போவோம் என்பதுதான். சூளையை மூட்டியவர் கடவுள் அல்லர்.

எனவே இவ்வசனத்தைத் 'தலையெழுத்து' என்று பொருள்கொள்வது தவறு. 'ஆண்டவர் என்னை இப்படிப் படைத்துவிட்டார், என் கோபம் அப்படித்தான்' என்ற பேச்சு பங்குகளில் நம் காதில் அடிக்கடி விழுகிறது. வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பி, சாவு வீட்டிலும் முகம் பார்க்காமல் திரும்புகிறார்கள். ஞாயிறு திருப்பலியில் இருவரும் இருக்கிறார்கள், ஆளுக்கொரு பக்கம்.

இதைவிட வருத்தம் தருவது, நாம் பிள்ளைகள்மீது வீசும் ஒரு சொல். தேர்வு முடிவு வந்த அன்று, பக்கத்து வீட்டார் கேட்க, 'இவன் உருப்படமாட்டான்' என்கிறோம். உருப்படுதல் என்றால் உரு அடைதல். அது குயவரின் சக்கரத்துக்கு உரிய சொல். பதினைந்து வயது ஈரமண்ணைப் பார்த்து, வனைபவர் சொல்லாத தீர்ப்பை வாங்கிவந்த நாம் சொல்லலாமா? அந்தச் சொல்லின் சூட்டில் இறுகிப்போன பிள்ளைகள் உண்டு.

செபிக்க மனமில்லை, கோயிலுக்கு வந்தாலும் உள்ளம் வறண்டு கிடக்கிறது என்போர் அஞ்ச வேண்டாம். காய்ந்தது வேறு, வெந்தது வேறு. ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வருவது, தண்ணீரில் ஊற ஒப்புக்கொள்வதுதான். ஊறுவதற்கு நேரம் பிடிக்கும்.

அப்படியானால் சுட்டு இறுகிப்போனவர்களுக்கு வழியே இல்லையா? அதே நூலின் 32ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். எருசலேம் முற்றுகையிடப்பட்டிருக்கிறது, கி.மு. 587இல் அது வீழும். காவலில் இருக்கும் எரேமியா, ஆண்டவர் சொற்படி அனத்தோத்தில் ஒரு நிலத்தை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்குகிறார். நாடே கைவிட்டுப் போகும் நேரத்தில் நிலம்! அந்தக் கிரயப் பத்திரம் நெடுநாள் கெடாமல் இருக்க அதைப் போட்டு வைக்கும்படி ஆண்டவர் கேட்டது ஒரு மண்பாண்டத்தைத்தான், சூளையில் வெந்த பாண்டத்தை.