கண்ணாடிக்குள் ஒரு கடல்



சிங்கப்பூரில் பொறியாளராகப் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் எனக்கொரு கடிதம் எழுதியிருந்தார். தம் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி அமைத்து, அதில் உயிருள்ள பவளங்களையும் அவற்றின் நடுவே வாழும் சிறு மீன்களையும் வளர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. கடைக்குச் சென்றால் விளக்கு, பம்பு, நுரை பிரிக்கும் கருவி, குளிரூட்டி எனச் சாமான்கள் அடுக்கடுக்காக இருக்கின்றனவாம். "எதை முதலில் வாங்குவது, எதை விட்டுவிடலாம்? ஐயாதான் சொல்ல வேண்டும்" என்று முடித்திருந்தார்.

நான் சரித்திரம் கற்பித்தவன். கருவிகளின் விலையும் நான் அறியேன்; கடைகளையும் அறியேன். ஆயினும் ஒரு கருவி எந்தத் தேவையை ஒட்டிப் பிறந்தது என்பது தெரிந்துவிட்டால், அது வேண்டுமா வேண்டாவா என்பது தானே விளங்கிவிடும் அன்றோ? ஆகவே அவருக்கு விலைப்பட்டியலுக்குப் பதிலாக ஒரு வரலாற்றை எழுதி அனுப்பினேன். அதையே இன்று உங்களுக்கும் சொல்லுகிறேன்.

பிரான்சு தேசத்தில் 1794ஆம் ஆண்டு பிறந்த ழான் வில்லப்ரோ என்ற பெண்மணி தையல் வேலை செய்து பிழைத்தவர். ஓர் இளவரசியின் திருமண ஆடையைத் தைத்துப் பெயர் பெற்றார். 1818இல் ஜேம்ஸ் பவர் என்னும் வணிகரை மணந்து சிசிலித் தீவின் மெசினா நகருக்குக் குடியேறினார். அந்நகரின் கடலில் ஆர்கோநாட் என்ற ஒருவகைப் பிராணி உண்டு. கணவாயின் இனத்தைச் சேர்ந்தது; காகிதம் போன்ற மெல்லிய ஓட்டுக்குள் இருப்பது. அந்த ஓடு அதற்குச் சொந்தமானதா, அன்றித் துறவி நண்டைப்போல் பிறர் வீட்டில் குடிபுகுந்ததா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்தனர். செத்த பிராணியை மேசைமேல் வைத்துக்கொண்டு இவ்வாதத்தைத் தீர்க்க இயலாது என்பதை அவ்வம்மையார் உணர்ந்தார். 1832ஆம் ஆண்டளவில் கண்ணாடித் தொட்டிகளைச் செய்வித்து, கடல்நீர் நிரப்பி, உயிருள்ள பிராணியை அதிலிட்டு நாள்தோறும் கவனித்தார். ஓட்டைச் சிறிது உடைத்துவிட்டால் அப்பிராணியே அதைச் செப்பனிடுவதைக் கண்டார். வழக்குத் தீர்ந்தது. ஒரு தையற்காரியின் பொறுமையால் பிறந்தது இக்கண்ணாடித் தொட்டி. அவருடைய சேகரிப்புகளிற் பெரும்பகுதி பின்னர்க் கப்பல் விபத்தில் கடலுக்கே போய்விட்டது என்பது வருந்தத்தக்க செய்தி.

மெசினாவில் கடல் வாசலிலே இருந்தது. லண்டனில் அப்படியன்று. 1846இல் அன்னா தைன் என்ற மாது, டார்க்கி என்னும் கடற்கரை ஊரிலிருந்து சில சிறு பவளங்களை ஒரு ஜாடியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல்நீரை அடிக்கடி தருவிப்பது எளிதன்று. அதே நீரை மீண்டும் பயன்படுத்த வேண்டுமானால், அதில் குறைந்துபோன பிராணவாயுவை எப்படியேனும் கலக்க வேண்டும். அம்மையார் கண்ட வழி இது: வீட்டு வேலைக்காரச் சிறுமி ஒருத்தி, திறந்த சன்னலருகே நின்று, அந்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்திற்கு அரைமணி, முக்கால்மணி நேரம் மாற்றி மாற்றி ஊற்றுவாள். நம் வீடுகளில் பாலை ஆற்றுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பவளங்கள் பிழைத்தன, ஆண்டுகள் கடந்தும் வாழ்ந்தன. இன்று நாம் வாங்கும் மின்சாரப் பம்பு செய்வதெல்லாம் அச்சிறுமியின் கைகள் செய்த வேலைதான். அவள் பெயர் எந்த நூலிலும் என் கண்ணில் படவில்லை. சரித்திரத்தில் இத்தகைய கைகள் பல.

அடுத்த ஆண்டு அம்மையார் கடற்பாசியையும் தொட்டியில் சேர்த்தார். 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன அறிஞர், மீனும் நீர்த்தாவரமும் நத்தையும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழும் என்று விளக்கினார். மீன் வெளிவிடும் கரியமிலவாயுவைத் தாவரம் கொள்ளும். தாவரம் விடும் பிராணவாயுவை மீன் கொள்ளும். அழுகும் இலையை நத்தை தின்னும். அவர் காட்டியது நன்னீர்த் தொட்டியில். எனினும் கருத்து இரண்டுக்கும் பொதுவானது. இங்கிலாந்தில் கண்ணாடி மீதிருந்த வரி 1845இல் நீக்கப்பட்டிருந்தமையால் கண்ணாடியும் மலிவாகியிருந்தது.

இந்நிலையில் வந்தவர் பிலிப் ஹென்றி காஸ். 1853ஆம் ஆண்டு லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மக்கள் காண்பதற்கென ஒரு மீன் மாளிகை திறக்கப்பட்டது. அதற்கு உயிர்களைச் சேர்த்துத் தந்தவர்களில் அவர் முதன்மையானவர். மறு ஆண்டு அவர் எழுதிய நூலால் 'அக்வேரியம்' என்ற சொல் வீடுதோறும் பரவியது. கடலிலிருந்து தொலைவில் இருப்போர்க்காக, உப்புகளை அளந்து கலந்து கடல்நீர் செய்யும் முறையையும் அவர் சொல்லிக் கொடுத்தார். நல்லெண்ணத்தோடு செய்த காரியம்தான். விளைவு என்ன? கடற்கரைக்கு ரயில் ஏறிய மக்கள் கூட்டம், கையில் ஜாடியும் உளியுமாய்ப் பாறைக் குழிகளில் இறங்கிற்று. மலர்போல் விரிந்திருந்த உயிர்களைப் பெயர்த்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சில நாளில் சாகவிட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த மோகம் தணிந்தது. ஆனால் டெவன் கரையின் பாறைக் குழிகள் முன்போல் இல்லை. அவருடைய மகன் எட்மண்ட் காஸ், 1907இல் வெளியிட்ட தம் நூலில், தந்தையின் நூல்களே அந்தச் சூறையாடலுக்குத் தூண்டுகோலாயின என்றும், அது தந்தைக்குப் பெருந்துயரம் தந்தது என்றும் எழுதியிருக்கிறார். என் மாணவருக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பகுதியின் கீழ் மட்டும் நான் கோடிட்டேன்.

உயிர்கள் சில நாளில் செத்தமைக்குக் காரணம் யாது? நீர் தெளிவாகத்தான் இருந்தது. தெளிவான நீரிலும் நஞ்சு இருக்கும் என்பதை அக்காலத்தார் அறியார். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதை நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இக்கிருமிகளை 1890ஆம் ஆண்டளவில் பிரித்தெடுத்துக் காட்டியவர் ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி. புதுத் தொட்டியில் இக்கிருமிகள் பெருகச் சில வாரங்கள் வேண்டும். ஆகவே தொட்டி வாங்கிய அன்றே மீன் வாங்குவது, அடுப்பு மூட்டுமுன் இலை போடுவதைப் போன்றது. இந்தக் காத்திருப்பு எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது.

பெரிய அளவில் வெற்றி கண்டவர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட். 1871இல் லண்டன் படிக மாளிகையில் அவர் அமைத்த காட்சியில், கண்ணில் படும் தொட்டிகளைவிடப் பன்மடங்கு நீர், கீழே இருண்ட நிலவறையில் கிடந்தது. நீராவிப் பம்பு அதை இடைவிடாது சுற்றிவரச் செய்தது. நீர் மிகுதியாயின் தவறு மெல்ல வரும். குறைவாயின் திடீரென வரும். சிறு தொட்டியே எளிது என்று எண்ணுவோர் இதை நினைவிற் கொள்ளல் நன்று. இன்று வீட்டுத் தொட்டியின் அடியில் வைக்கும் இரண்டாம் தொட்டி லாயிடின் நிலவறைக்குப் பேரப்பிள்ளை.

இனி விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்னா தைன் வளர்த்த பவளங்கள் குளிர்நாட்டுக் கடலின் தனிப் பவளங்கள். அவற்றுக்கு வெயில் தேவையில்லை. திட்டுகளைக் கட்டும் வெப்பநாட்டுப் பவளங்களோ வேறு வகை. அவற்றின் தசைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. 1928-29இல் மாரிஸ் யங் தலைமையில் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டுக்குச் சென்ற விஞ்ஞானிகள், பவளங்களை இருட்டுப் பெட்டியில் அடைத்துப் பார்த்தபோது, அவை தம் பாசிகளை இழந்து வெளுத்தன. 1959இல் தாமஸ் கோரோ, கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு, வெளிச்சத்திலேதான் பவளம் விரைந்து சுண்ணாம்பைப் படியவைக்கிறது என்று ஜமெய்க்காவில் நிறுவினார். ஆகையால் இவ்வகைப் பவளத்திற்கு விளக்கு அலங்காரமன்று, அதுவே சோறு. மீன் மட்டும் வளர்ப்பவர் விலையுயர்ந்த விளக்கு வாங்குவது வீண்செலவு.

1961ஆம் ஆண்டு ஜாகர்த்தா நகரத்து லீ சின் எங் என்பவர் ஒரு பத்திரிகையில் தம் முறையை விவரித்தார். பெரிய கருவி ஒன்றும் இல்லை. கடலிலிருந்து எடுத்த, நுண்ணுயிர்கள் மொய்த்த கற்கள். சன்னல் வழி வெயில். மெல்லிய காற்றுக் குமிழிகள். இவ்வளவே. அவருடைய தொட்டியில் பவளங்கள் வாழ்ந்தன. கல்லின் துளைகளில் வாழ்ந்த கிருமிகளே அவருடைய வடிகட்டி. அதே பத்தாண்டில் ஜெர்மனியில் நுரை பிரிக்கும் கருவி வீட்டுத் தொட்டிகளுக்கு வந்தது. அலை மோதும் கரையில் நுரை ஒதுங்கி நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நீரில் கரைந்த அழுக்கு குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். நுரையை வழித்து எறிந்தால் அழுக்கு, அம்மோனியாவாக மாறுமுன்னரே போய்விடும். இரும்புச் சட்டமிட்ட தொட்டிகள் உப்பால் துருப்பிடித்து வந்த தொல்லையும், சிலிக்கோன் பசையால் கண்ணாடியை ஒட்டும் முறை அக்காலத்தில் வந்தபின் ஒழிந்தது.

பவளம் வளர வளர நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்துக் குறையும். பீட்டர் வில்கென்ஸ் 1973இல் எழுதிய நூல், அதை ஈடுசெய்யச் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விடும் முறையைப் பரப்பியது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நமக்கு இது விநோதமாகவா தோன்றும்? வேகமாக ஊற்றினால் காரம் மிகுந்து எல்லாம் மடியும் என்பதுதான் எச்சரிக்கை. உயிர்க்கல், நுரைக்கருவி, வலிய விளக்கு, சுண்ணாம்புநீர் நான்கையும் ஒன்றுசேர்த்துப் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் ஒரு முறையை வகுத்தனர். அவர்களுள் டீட்ரிக் ஸ்டூபர் என்பவர், தம் தொட்டியில் வளர்ந்த கிளைப்பவளத்தை ஒடித்துத் துண்டு துண்டாகப் பிறருக்கு அளித்தார். முருங்கைப் போத்தை நட்டால் மரமாவது போல அத்துண்டுகள் தழைத்தன. இந்த வரலாறு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுவே. காஸின் வாசகர்கள் கடலில் இறங்கி உளியால் பெயர்த்தார்கள்; இவர் கடலைத் தொடாமலே பங்கிட்டுக் கொடுத்தார்.

நம் நாட்டில் திட்டுப் பவளங்கள் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டியெடுத்த காலம் ஒன்று உண்டு. அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் மூழ்கிவிட்டதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். ஆகவே ராமேசுவரம் செல்லும் மாணவர்கள் ஒரு துண்டுப் பவளத்தையும் நினைவுப் பொருளாக எடுத்து வரலாகாது.

இவ்வளவும் சொல்லும் நானும் குற்றமற்றவன் அல்லேன். 1988இல் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தேன். மீனவர் ஒருவர் தந்த இரண்டு கடற்சாமந்திகளை வகுப்பறைத் தொட்டியில் வைத்தேன். வெயிற்காலம், நாள்தோறும் இரண்டு விரற்கடை நீர் வற்றும். நானும் சிரத்தையாக ஒரு வாளி கடல்நீர் கொணர்ந்து நிரப்பி வைப்பேன். பதினோராம் நாள் இரண்டும் சுருங்கிக் கரைந்தன. மாணவர்கள் முன்னிலையில் காரணம் தெரியாமல் நின்றேன். பின்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்தான். உப்பளத் தொழிலாளியின் மகன். "ஐயா, தண்ணிதானே ஆவியாப் போகுது, உப்பு அங்கேயேதானே கிடக்கும்? பாத்தியிலே நாங்க இப்படித்தானே உப்பு எடுக்கிறோம்?" என்றான். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. வற்றிய நீருக்கு ஈடாக நன்னீரையே விட வேண்டும். நானோ நாள்தோறும் உப்பைக் கூட்டிக்கொண்டே போனேன். புத்தகத்தில் ஆவியாதலைப் பாடம் நடத்தியவன் நான்தான். அன்று வகுப்பில் அவனிடமே சுண்ணக்கட்டியைக் கொடுத்துக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன்.

சிங்கப்பூரிலிருந்து எழுதியவர் அந்தப் பையன்தான். என் கடிதத்திற்குப் பின் அவர் முடிவு செய்த பட்டியலை அனுப்பியிருந்தார். முதலில் உப்பின் அளவைக் காட்டும் மானி, பின்பு இயன்ற அளவு பெரிய தொட்டி, பம்பு, நுரைக்கருவி, அவ்வூர் வெப்பத்திற்குக் குளிரூட்டி, மூன்று மாதம் கழித்து விளக்கு, கடைசியாக, மற்றோர் ஆர்வலர் தொட்டியில் ஒடித்த பவளத் துண்டுகள் இரண்டு. பட்டியலின் நடுவே, நீர் வற்ற வற்றத் தானாகவே நன்னீரை விடும் சிறு கருவி ஒன்றும் இருந்தது. அதற்கு நேரே மட்டும் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: "இதைப் பற்றி ஐயாவுக்கு விளக்க வேண்டியதில்லை."