களைப்பும் எலும்பு வலியும்: பராதைரொயிட் சுரப்பியையும் கவனியுங்கள்

தைரொயிட் சுரப்பியைப் பற்றிப் பலரும் அறிவார்கள். அதன் பின்புறத்தில் அரிசி மணியளவில் இருக்கும் பராதைரொயிட் சுரப்பிகளைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு. பெரும்பாலானோருக்கு இவை நான்கு இருக்கும். பெயர் ஒத்திருந்தாலும் தைரொயிட்டின் வேலைக்கும் இவற்றின் வேலைக்கும் தொடர்பில்லை. இரத்தத்தில் கல்சியத்தின் அளவைச் சரியாக வைத்திருப்பதே இவற்றின் பணி.

கல்சியம் குறையும்போது இவை பராதோர்மோனைச் சுரக்கின்றன. அது எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கிறது. சிறுநீருடன் கல்சியம் வெளியேறுவதைக் குறைக்கிறது. விற்றமின் டி செயற்படவும் உதவுகிறது.

அதிகமாகச் சுரந்தால்

பெரும்பாலும் ஒரு சுரப்பியில் தோன்றும், புற்றுநோய் அல்லாத சிறு கட்டியே இதற்குக் காரணம். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. எலும்பு தேய்தல், சிறுநீரகக் கல், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், களைப்பு, மனச்சோர்வு, மறதி என்பன அறிகுறிகள். சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது.

இழப்புகளையும் இடப்பெயர்வுகளையும் கடந்து வந்த எமது மக்களிடையே களைப்பும் மனச்சோர்வும் "யோசனையால் வருவது" என்றே விடப்படுகின்றன. பல வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவற்றுடன் எலும்பு வலியோ சிறுநீரகக் கல்லோ சேர்ந்திருந்தால், இரத்தத்தில் கல்சியத்தைப் பரிசோதிக்க முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

வளர்ந்தவர்களுக்கு இது டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் சற்று வேறுபடும். கல்சியம் உயர்ந்திருந்தால் பராதோர்மோன் அளவும் பார்க்கப்படும். கட்டியுள்ள சுரப்பியைச் சத்திரசிகிச்சையால் அகற்றுவதே நிரந்தரத் தீர்வு. அது தேவைப்படாதவர்கள் ஒழுங்கான பரிசோதனைகளுடன் கண்காணிப்பில் இருக்கலாம்.

சிறுநீரக நோயாளர்கள்

நாட்பட்ட சிறுநீரக நோயில் பொசுபரசு தேங்குகிறது. விற்றமின் டி செயற்படுவது குறைகிறது. இதனால் சுரப்பிகள் ஓய்வின்றி வேலை செய்து பருக்கின்றன, எலும்புகள் பலவீனமடைகின்றன. பொசுபரசைக் கட்டுப்படுத்தத் தரும் மாத்திரைகளை உணவுடன் சேர்த்தே எடுக்க வேண்டும். கோலா பானங்கள், சொசேஜஸ், சீஸ் போன்றவற்றைக் குறைப்பது நல்லது.

குறைவாகச் சுரந்தால்

தைரொயிட் சத்திரசிகிச்சையின்போது இச்சுரப்பிகள் பாதிக்கப்படுவதே முக்கிய காரணம். உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் விறைப்பு, கை கால் தசைப்பிடிப்பு என்பன ஏற்படும். சத்திரசிகிச்சைக்குப் பின்னர் இவை தோன்றினால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காதீர்கள். கல்சியம் மிகவும் குறைந்தால் வலிப்பும் மூச்சுத் திணறலும் வரலாம். கல்சியம் மாத்திரைகளும் செயற்படு நிலையிலுள்ள விற்றமின் டியும் இதற்கான வழமையான சிகிச்சை. சிலர் வாழ்நாள் முழுவதும் எடுக்க நேரிடும்.

கவனிக்க வேண்டியவை

• கல்சியம் கூடியுள்ளவர்கள் வைத்தியர் தடுத்திருந்தாலன்றிப் போதிய நீர் அருந்துங்கள். பாலை முற்றாக நிறுத்த வேண்டியதில்லை.

• கல்சியம், விற்றமின் டி மாத்திரைகளைத் தாமாக வாங்கிக் குடிக்கவோ இடையில் நிறுத்தவோ வேண்டாம்.

• உயர் இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் லிதியமும் கல்சியத்தைக் கூட்டலாம். எடுக்கும் மருந்துகள் அனைத்தையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

• தொடர் வாந்தி, குழப்பம், மயக்கம் ஏற்பட்டால் உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.