பரேல் மாளிகையும் உடைக்கப்பட்ட வீடுகளும்

ஒரு வீட்டின் வரலாறு என்றால் அதில் யார் யார் குடியிருந்தார்கள் என்று பட்டியல் போடுவதே இங்கே வழக்கம். மருங்காபுரி மாதிரியான பழைய ஜமீன் சீமைக்காரனுக்கு இது புதிதல்ல. ஜமீன் வீட்டைச் சொல்வார்கள், அதற்குச் சுண்ணாம்பு அரைத்தவனைச் சொல்லமாட்டார்கள். பம்பாய் பரேலில் இருக்கும் ஹாஃப்கின் நிறுவனக் கட்டடத்தைப் பற்றி எழுத உட்காரும்போது அந்தப் பட்டியலை விட்டுவிட்டு எனக்கு வேறொன்று கேட்கத் தோன்றுகிறது. கொள்ளைநோய்க் காலத்தில் எந்த வீடு தானாகக் காலியானது? எந்த வீடு உடைத்துத் திறக்கப்பட்டது?

கட்டடத்தின் முன்கதை சுருக்கமானது. போர்த்துக்கீசியர் காலத்தில் கிறிஸ்தவத் துறவிகளிடம் இருந்த இடம். பிறகு கம்பெனி பறித்துக்கொண்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பம்பாய் கவர்னரின் குடியிருப்பு. பின்னால் சுற்றிலும் பஞ்சாலைகள் வந்தன, கூடவே கூலிகளின் நெருக்கடியான சால்கள் வந்தன. 1880களின் தொடக்கத்தில் கவர்னர் ஜேம்ஸ் ஃபெர்குசனின் மனைவி காலராவில் செத்துப்போனார். கவர்னர்கள் மலபார் முனையின் கடற்காற்றுக்கு இடம் மாறிவிட்டார்கள். ஒரு சாவுக்கு ஒரு மாளிகையே காலி. ஆலைத் தொழிலாளிக்கு ஓடிப்போக எந்த முனை இருந்தது?

1896 செப்டம்பரில் மாண்ட்வியில் பிளேக் தெரியவந்தது. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. பூனாவில் ராணுவச் சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்தார்கள். நோயாளி என்று சந்தேகப்பட்டவர்களை இழுத்துப்போனார்கள், தட்டுமுட்டுச் சாமான்களைக் கொளுத்தினார்கள், பெண்களின் உடம்பைச் சோதித்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் பிளேக் நகரத்தில் ஒவ்வொருவனும் அவனவன் வீட்டுக்குள் பூட்டப்பட்டு, கணக்கெடுக்கப்பட்டு, கண்காணிக்கப்பட்டான் என்று ஃபூக்கோ எழுதினார். காலனியில் நடந்தது தலைகீழ். இங்கே அதிகாரம் கதவைப் பூட்டவில்லை, பெயர்த்தெடுத்தது. மதராஸ் மாகாணத்தில் ரயிலேறுகிறவன் பிளேக் பாஸ்போர்ட்டோடு அலைய வேண்டியிருந்தது.

1897 ஜூனில் பிளேக் கமிஷனர் ராண்ட் சுடப்பட்டதை நம் தேசியக் கதையாடல் விரிவாகப் பாடும். அதே வருஷம் மார்ச்சில், பூனாவுக்கு வெளியே மகன் நடத்திய மருத்துவ முகாமில் பிளேக் நோயாளிகளைப் பராமரித்து, அந்த நோயாலேயே செத்த சாவித்திரிபாய் பூலேவுக்கு அந்தப் பாட்டில் எத்தனை வரி கிடைத்தது?

இந்த ரகளைக்கு நடுவில்தான் வால்டெமார் ஹாஃப்கின் வருகிறார். ஒடெசாவில் பிறந்த யூதர். விலங்கியல் படித்தவர், மருத்துவப் பட்டம் இல்லாதவர். 1892இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் காலராவுக்குத் தடுப்பூசி கண்டு, அதைத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தவர். பம்பாயில் பிளேக் கிருமிகளை இறைச்சிச் சாற்றில் வளர்த்து, சூடாக்கிக் கொன்று, 1897 ஜனவரி 10ஆம் தேதி முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். 1899இல் அவருடைய ஆய்வகம் பரேல் மாளிகைக்குக் குடிவந்தது. காலரா காலி செய்த வீட்டில் காலராவோடு மல்லுக்கட்டிய ஆள்.

கடப்பாரைக்குப் பதில் ஊசி. ஹாஃப்கினின் முக்கியத்துவம் இதில்தான் இருக்கிறது என்பது என் வாதம். வீட்டை உடைக்காமலே நோயைத் தடுக்கலாம் என்று காட்டினார். ஆனால் ஊசியையும் அப்பாவியாகப் பார்க்க முடியாது. முதல் பரிசோதனைகளில் ஒன்று பைகுல்லா சிறையில் நடந்தது. கைதிகள் விருப்பப்பட்டுத்தான் முன்வந்தார்கள் என்கிறது பதிவு. சிறைக்குள்ளே விருப்பம் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? ஊசி போட்டுக்கொண்ட சான்றிதழ் இருந்தால் தனிமை முகாமிலிருந்து விலக்கு என்றும் சில இடங்களில் வந்தது. கடப்பாரை மறையவில்லை, ஊசிக்குப் பின்னால் சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

பிறகு முல்கோவால். 1902 அக்டோபர் 30ஆம் தேதி பஞ்சாபின் அந்தக் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அதில் ஒரே புட்டியிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸில் செத்தார்கள். பழி பரேல் ஆய்வகத்தின் மேல் விழுந்தது. ஹாஃப்கின் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். அந்தப் புட்டியைத் திறந்த இடுக்கி கிராமத்தில் தரையில் விழுந்ததும், அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமலே பயன்படுத்தியதும் விசாரணைப் பதிவுகளிலேயே இருந்தன. ரொனால்ட் ராஸும் மற்ற விஞ்ஞானிகளும் லண்டன் டைம்ஸில் எழுதிய பிறகு, 1907இல்தான் அவர்மேல் இருந்த பழி நீங்கியது. பரேல் ஆய்வகத்துக்கு அவர் திரும்பவில்லை, கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். வெள்ளைத்தோல் இருந்தும் அவர் ராஜ்ஜியத்தின் சொந்த ஆள் ஆகவில்லை. 1925இல் அதே அரசாங்கம் ஆய்வகத்துக்கு அவர் பெயரை வைத்தது. தண்டித்த கையே மாலையும் போடும், அதிகாரத்துக்கு இதில் கூச்சமே கிடையாது.

இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற நோய் அது. கோயம்புத்தூர்க்காரர்கள் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார்கள். அறியாமை என்று சிரித்துவிடலாம், சுலபம். சர்க்கார் தங்கள் வீட்டை இடிக்க வந்த காலத்தில் ஜனங்கள் நோய்க்கே ஒரு வீடு கட்டிக் கொடுத்து அதோடு பேச்சுவார்த்தை நடத்தினார்கள் என்றும் வாசிக்கலாம்.

1897ஆம் வருஷத்துச் சட்டம் 2020 கொரோனாவிலும் தூசி தட்டி எடுக்கப்பட்டது. வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள், தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள், வேலை போன கூலிகள் நெடுஞ்சாலையில் நடந்தார்கள். பரேல் கட்டடத்தைப் பாதுகாக்கத்தான் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அங்கே விஞ்ஞானியின் பெயர் இருந்தால் போதாது. முல்கோவாலின் 19 பேரும், பைகுல்லாவின் கைதிகளும், கூரை பிரிக்கப்பட்ட வீடுகளும் அந்தச் சுவரில் இடம்பெற வேண்டும். மருந்து யாரைக் காப்பாற்றியது என்பதோடு, அது எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிற வரலாறுதான் நமக்கு வேண்டும்.